417-ஆம் வீட்டின் செவ்வாய்க்கிழமை

மார்ச் 2, திங்கள்

ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி முதல் பெஞ்சு. விரும்பி உட்காரவில்லை. பின் பெஞ்சில் எங்கள் பேரேட்டைப் பார்த்துக்கொள்ளும் பென்சில் மேடம் முந்திக்கொண்டு கைப்பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டார்.

எங்கள் குடிநீர் அலுவலகத்தின் பதிவுகள் எல்லாம் இனிமேல் பாண்டாஸ் என்ற நூலகத்தில்தான் நடக்குமாம். நூலகம் என்றதும் அலமாரி, தூசி, சத்தம் போடாதே என்ற பலகை என்று கற்பனை செய்துகொண்டு போனேன். அப்படி ஒன்றும் இல்லை. யாரோ புண்ணியவான்கள் எழுதி வைத்த கட்டளைகளின் மூட்டை. பைத்தான் என்ற கணினி மொழிக்குள் அதைக் கூப்பிட வேண்டும். மலைப்பாம்பின் வயிற்றில் பாண்டாக் கரடி. சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணுக்கு உடனே ‘கரடி மிஸ்’ என்று பெயர் வைத்தேன். பத்து நிமிடத்தில் அறை முழுக்கப் பரவி, பதினோராவது நிமிடம் அவர் காதிலும் விழுந்துவிட்டது.

“வச்சது யாருன்னு கேக்க மாட்டேன் சார். முதல் பெஞ்ச்லதான் இருக்கீங்க” என்றார்.

முதல் பாடம்: அட்டவணை என்றால் கிடையாக வரி, நெடுக்காகப் பத்தி. வரிக்கு எண், பத்திக்குப் பெயர். முழுவதையும் ஒரேயடியாகத் திறக்க ஆசைப்படாதே. ‘ஹெட்’ என்று கேள், முதல் ஐந்து வரியை மட்டும் காட்டும். அடுத்தவர் வீட்டுக்குள் நுழையாமல் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பது மாதிரி. இது எனக்குப் பிறவியிலேயே வரும்.

எனக்கு ஒதுக்கியிருப்பது தனியர் பட்டியல். தனியாக வாழும் வயதானவர்களின் வீடுகள், முன்னூற்று நாற்பது. அந்த வீடுகளின் மீட்டர், மணிக்கு எத்தனை லிட்டர் ஓடியது என்று குறித்து வைத்து, மறுநாள் காலை மொத்தமாக அனுப்பும். நாள் முழுக்க ஒரு சொட்டும் ஓடவில்லை என்றால் மீட்டர் தூங்கிவிடும், எதையும் அனுப்பாது. ஒரு வீடு அப்படி அடங்கிப்போனால் பட்டியலில் அது சிவக்கும். எங்கள் ஆள் போய்க் கதவைத் தட்டுவார். சில பேரை அப்படித் தூக்கிவந்து பிழைக்க வைத்திருக்கிறோம். சில பேருக்குத் தாமதமாகிவிட்டது.

பட்டியலில் 417 என் அண்ணன் வீடு. நாங்கள் பேசி நான்கு வருடம் ஆகிறது.

மார்ச் 3, செவ்வாய்

இந்தக் கரடியைக் கண்டுபிடித்தவன் எங்கள் குடும்பத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும். ஊர் வம்புக்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

வீடு வாரியாகப் பிரி, மணி வாரியாகக் கூட்டு என்று ஒரு வரி எழுதினால் போதும், முன்னூற்று நாற்பது குடும்பத்தின் அந்தரங்கமும் வந்து கைகட்டி நிற்கிறது. 188-ஆம் வீட்டில் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் குளியல். வியாழன் மட்டும் இரட்டைக் குளியல். வியாழக்கிழமை அங்கே யார் வருகிறார்கள்? 52-ஆம் வீட்டுக்காரர் நள்ளிரவு முதல் விடிகாலை ஆறு வரை மணிக்கு ஒரு முறை கழிப்பறை போகிறார். பாவம், யாராவது டாக்டரிடம் அனுப்பக் கூடாதா?

அண்ணனைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்தேன். காலை ஆறுக்கு எட்டொன்பது லிட்டர், முகம். ஏழுக்கு முப்பது சொச்சம், குளியல். செவ்வாய்தோறும் பதினொரு மணிக்குத் துணி. மாலை ஐந்துக்குப் பாத்திரம். ஓய்வு பெற்ற லிப்ட் மெக்கானிக். வாழ்க்கையும் லிப்ட் மாதிரிதான், மாடிக்கு மாடி நின்று நின்று போகிறது.

அண்ணனைப் பட்டியலில் சேர்த்தது என் மனைவி. போன வருடம் எனக்குத் தெரியாமல் படிவத்தோடு போய்விட்டு வந்தாள்.

“உங்க தம்பிதான் அந்த நாற்காலியில உக்காந்திருக்கார், தண்ணி நின்னா மறுநாளே அவருக்குத் தெரிஞ்சிடும்னு சொன்னேன்.”

“அவன் என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல. ஆனா கையெழுத்துப் போட்டார்.”

மார்ச் 5, வியாழன்

இன்று காலிக் கட்டங்களைப் பற்றிய பாடம். சிக்னல் கெட்டுப்போனாலும் மீட்டரிலிருந்து எதுவும் வராது. அப்போது அந்த நாள் முழுக்க அட்டவணையில் ஓட்டை. ஓட்டை ஒன்று இருந்தால் கூட்டல் கோணும், சராசரி சாயும்.

இத்தனை வருடமாக இதைப் பார்த்துக்கொண்டது பென்சில் மேடம். அவர் பெயரே அதனால்தான். எண் வந்தால் மையால் எழுதுவார். வராவிட்டால், நேற்றைய எண்களையே பென்சிலால் எழுதி வைப்பார். இரண்டாவது நாளும் வராவிட்டால் பென்சில் கீழே போய்விடும், கை தொலைபேசிக்குப் போகும். “பென்சிலுக்கு ஒரு நாள்தான் ஆயுசு” என்பார். அவர் பேரேட்டில் அடுத்தடுத்து இரண்டு பென்சில் நாட்களைப் பார்க்கவே முடியாது.

கரடி மிஸ் அதே வேலையை ஒரே வரியில் செய்து காட்டினார். வீடு வாரியாக, மணி வாரியாகப் பிரித்துக்கொள். காலி இருந்தால் முந்தைய நாளின் அதே மணி எண்ணைக் கீழே இறக்கு. நான் எழுதிப் பார்த்தேன். ஓட்டைகள் எல்லாம் கண்ணெதிரே மூடிக்கொண்டன. குண்டும் குழியுமான சாலையில் தார் ஓடுவது போல. அதற்கப்புறமும் மிஸ் ஏதோ சொன்னார். வியாழக்கிழமை ஆயிற்றே, 188-ஆம் வீட்டு மர்மத்தைப் பக்கத்து நாற்காலிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

பென்சில் மேடம் எழுந்து வந்து என் திரையைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

“இதுல பென்சில் எது, மை எது?”

“எல்லாமே மைதான் மேடம். இனிமே உங்களுக்குக் கை வலி கிடையாது.”

“கை வலிக்கலைய்யா. நான் அதைக் கேக்கல.”

நாளை முதல் அவருக்கு விடுப்பு, கண் அறுவை. போகும்போது பென்சிலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். காது குடைய வைத்துக்கொண்டேன்.

மார்ச் 9, திங்கள்

என் ஒரு வரி இன்று முதல் உண்மையான பட்டியலில் ஓடுகிறது. காலையில் எண்கள் வந்ததும் தானாக ஓடி, தானாக ஓட்டை அடைக்கிறது. மேலதிகாரி நேரில் வந்து முதுகில் தட்டினார். அந்த இடம் இன்னும் கனமாக இருக்கிறது.

மார்ச் 11, புதன்

ஒரு வீடுகூடச் சிவக்கவில்லை. மூன்று நாளாக. கதவு தட்டுகிறவர் வேலையில்லாமல் எங்கள் அறையில் வந்து உட்கார்ந்து நகம் வெட்டிக்கொள்கிறார்.

மார்ச் 12, வியாழன்

அண்ணன் நேற்றும் துணி துவைத்திருக்கிறான். பதினொரு மணிக்கு ஐம்பத்திரண்டு லிட்டர். செவ்வாய் துவைத்தானே? சேற்றில் விழுந்தானோ என்னவோ. விழுந்தாலும் யாரிடமும் சொல்ல மாட்டான்.

மார்ச் 13, வெள்ளி

இன்றைய பட்டியலிலும் துணி! மூன்றாவது நாள்.

ஒரு மனிதனுக்கு எத்தனை சட்டைதான் இருக்கும்? மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

“ஏங்க, அண்ணி திரும்பி வந்துட்டாங்களோ?”

எனக்கும் அதேதான் தோன்றியது. அண்ணி அவனை விட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய் ஐந்து வருடம் ஆகிறது. திரும்பி வந்தவர் முதல் வேலையாகத் திரைச்சீலை, படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் அலசுகிறார். ஐந்து வருட அழுக்கு. நியாயம்தானே?

அரை மணி நேரம் இருவரும் அந்த வீட்டில் என்னென்ன பேசிக்கொள்வார்கள் என்று மாற்றி மாற்றி நடித்துப் பார்த்தோம். நான்தான் அண்ணி. நன்றாகவே செய்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

மனைவிக்குப் பொறுக்கவில்லை. அண்ணிக்குப் போன் போட்டுவிட்டாள். நான் பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டு.

“அக்கா, எப்படி இருக்கீங்க? வீட்டுக்கு வந்துட்டீங்களாமே?”

“எந்த வீட்டுக்கு?”

“அத்தான் வீட்டுக்கு.”

அண்ணி சொன்னது எனக்கும் கேட்டது: “நான் இங்க தங்கச்சி வீட்டுலதான் இருக்கேன். எங்கயும் போகல. ஏன், அங்க யாரு இருக்கா?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மார்ச் 16, திங்கள்

சரி. அண்ணி இல்லை. வேறு யார்?

காலையில் 417-ஐ மட்டும் தனியே பிரித்தெடுத்தேன். இதுவரை துணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று எல்லா மணியையும் பார்த்தேன்.

புதன்: 9, 31, 52, 14, 6.

வியாழன்: 9, 31, 52, 14, 6.

வெள்ளி. சனி. ஞாயிறு.

ஐந்து நாளாக ஒரே எண்கள். போன செவ்வாயின் எண்கள். அண்ணன் ஒழுங்கானவன்தான், ஆனால் இந்த ஒழுங்கு மனிதனுக்கு வராது. ஒரு டம்ளர் கழுவினால்கூட நேற்றுப் போலவே இன்று கழுவ முடியாது.

பக்கத்து நாற்காலியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று வாய் திறந்தேன். என்ன ஆச்சரியம், மூடிவிட்டேன். இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவருக்குள் பெரிய குழாய் ஒன்று போகிறது. பகலெல்லாம் யாரோ மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். இருபது வருடமாகக் கேட்கிற சத்தம். இன்று அடிக்கடி திரும்பிப் பார்த்தேன்.

மதியம் அவன் எண்ணைப் போனில் அழுத்தினேன். நான்கு வருடத்தில் முதல் தடவை. அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதாம்.

என் எண்ணைப் பார்த்ததும் அணைத்திருப்பான். அணைத்து வைத்த போனில் என் எண் எப்படித் தெரியும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மார்ச் 17, செவ்வாய்

ஒரு நாளின் அட்டவணையிலிருந்து இன்னொரு நாளின் அட்டவணையை அப்படியே கழிக்கலாம் என்று மிஸ் சொல்லிக்கொடுத்திருக்கிறார். திங்களிலிருந்து ஞாயிறைக் கழித்தேன். இருபத்துநான்கு பூஜ்யம். ஞாயிறிலிருந்து சனியை. இருபத்துநான்கு பூஜ்யம். வரிசையாக, மேலிருந்து கீழாக, திரை முழுக்க வட்ட வட்டமாக. எதையோ பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற முகங்கள் மாதிரி இருந்தன.

அந்த வீட்டுக்குள் செவ்வாய்க்கிழமை முடியவே இல்லை. எழுந்திருக்கிறான், குளிக்கிறான், அதே துணியைத் துவைக்கிறான், அதே பாத்திரத்தைக் கழுவுகிறான், படுக்கிறான். மறுபடி அதே காலை.

நான் பார்ப்பது தெரிந்து, எனக்காகச் செய்து காட்டுகிறானோ? அளந்து அளந்து, வாளியில் கோடு போட்டு, மணி பார்த்து? அவன் செய்யக்கூடியவன்தான். ஆனால் எதற்கு?

இதை எழுத வேண்டாம் என்று நான்கு வருடமாக இருந்தேன். எழுதிவிடுகிறேன். உறவுக்காரர் வீட்டு விருந்து ஒன்றில், சாப்பாட்டு மேசையில், முப்பது பேருக்கு முன்னால் நான் ஒரு ஜோக் சொன்னேன். “அண்ணி வீட்டை விட்டுப் போனது எங்க அண்ணனுக்குத் தெரியவே மூணு நாள் ஆச்சு. நாலாவது நாள்தான், காபி எங்கன்னு கேட்டானாம்.” மேசையே குலுங்கியது. அண்ணனும் சிரித்த மாதிரிதான் இருந்தது. பிறகு எழுந்து, கை கழுவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு எனக்கு மூன்று பேர் கை கொடுத்தார்கள்.

நாளை போகிறேன். போய் என்ன சொல்ல? உன் தண்ணீர் சரியில்லை என்றா?

மார்ச் 18, புதன்

போனேன்.

அரை நாள் விடுப்பு. நாலரை மணிக்கு அவன் வீட்டு வாசல். கீழே ஒரு தையல் கடை, மேலே அவன். தையல் கடை ஷட்டர் இறக்கியிருந்தது. படியேறி மணியடித்தேன். மூன்று தடவை. அண்ணா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

மீட்டர்ப் பெட்டிக்கு அலுவலகப் பொதுச் சாவி ஒன்று உண்டு, எங்கள் எல்லோரிடமும் இருக்கும். திறந்தேன். நான் நினைத்தது போலவே உள்ளே ஒரு கொக்கி, கொக்கியில் வீட்டுச் சாவி. சின்ன வயதிலிருந்தே மாற்றுச் சாவியை எங்காவது கொக்கி போட்டு மாட்டி வைப்பான்.

உள்ளே போனேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. செருப்பு ஜோடி மட்டும் இல்லை. நாற்காலி மேசைக்குள் தள்ளியிருந்தது. போன் அலமாரியில், உயிரில்லாமல். கொடியில் ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு துண்டு, இரண்டு உள்ளாடை. தொட்டுப் பார்த்தேன். அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தன. அவ்வளவுதான் துணி. ஏழு நாள் துவைத்த துணி எங்கே?

சுவரில் நாள்காட்டி, தினமும் தாள் கிழிக்கிற மாதிரி. 10, செவ்வாய்.

அந்தத் தாளைக் கிழிக்காமல் நகர்ந்தேன்.

சமையலறைத் தொட்டி காய்ந்து, அடியில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், கவிழ்த்தபடி. தாகமாக இருந்தது. குழாயில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் அவன் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கிற உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. பயம் என்றும் சொல்லலாம்.

மணி ஐந்து. தினமும் இந்த நேரத்துக்குத்தான் பதினான்கு லிட்டர். தொட்டிக்கு எதிரே நின்றேன். குழாயையே பார்த்துக்கொண்டு, கைகட்டி, ஒரு மணி நேரம். ஒரு சொட்டும் விழவில்லை. யாரும் வரவில்லை. ஆறு மணிக்குச் சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்கினேன்.

மனைவி கேட்டாள்: “தொட்டி காஞ்சு கெடந்துச்சா, இல்லையா?”

“காஞ்சிதான் கெடந்துச்சு. ஆனா நேத்தும் தண்ணி ஓடியிருக்கே. பட்டியல்ல இருக்கு.”

“கண்ணால பாத்துட்டு வந்து பட்டியலைச் சொல்றீங்களே!”

“எங்கயாவது போயிருப்பான். வந்து போயிட்டு இருப்பான்.”

“துணி வெறைச்சுப் போற அளவுக்கா?”

விடிந்ததும் அக்கம்பக்கத்தில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறாள். பட்டியலைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

மார்ச் 19, வியாழன்

9, 31, 52, 14, 6.

ஐந்து மணிக்குப் பதினாலு லிட்டர்.

நான் அங்க நின்னுக்கிட்டு இருந்தேன். அந்தத் தொட்டிக்கு முன்னாடி. ஐந்திலேர்ந்து ஆறு வரைக்கும். குழாய் திறக்கல. யாரும் திறக்கல. அட்டவணை சொல்லுது பதினாலு லிட்டர்னு.

எழுத்து கோணுது. இருக்கட்டும்.

பென்சில் மேடம் இன்னைக்குத்தான் வேலைக்குத் திரும்பி வந்தாங்க, ஒரு கண்ணுல கட்டோட. என் முகத்தைப் பார்த்துட்டுப் பக்கத்துல வந்தாங்க. எண்களைக் காட்டினேன். எட்டு நாள். ஒத்தைக் கண்ணால எண்ணிப் பார்த்துட்டுச் சத்தமே இல்லாம கேட்டாங்க:

“இதுல மை எத்தனை நாள்?”

மீட்டர் அனுப்பின மூலக் கோப்பைத் திறந்தேன். என் வரி கை வைக்கறதுக்கு முன்னாடி இருந்தது. 417. மார்ச் 10, செவ்வாய் — எண்கள். மார்ச் 11 — காலி. 12 — காலி. 13. 14. 15. 16. 17. 18.

எட்டும் பென்சில். நான் அடிச்ச பென்சில்.

செவ்வாய்க்கிழமையை நான்தான் ஒவ்வொரு நாளும் எடுத்து அந்த வீட்டுக்குள்ள ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன்.

மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். அவர் பொறுமையாத்தான் சொன்னார். “எத்தனை நாள் வரைக்கும் இறக்கலாம்னு கடைசியில ஒரு எண் போடணும் சார். போடலைன்னா இறக்கிக்கிட்டே இருக்கும். நான் அன்னைக்கே சொன்னேனே. நீங்க 188-ஆம் வீட்டுக் கதை சொல்லிக்கிட்டு இருந்தீங்க.”

ஒரு வீடும் சிவக்காதது ஏன்னு இப்ப எல்லாருக்கும் புரிஞ்சுது. எழுந்து நின்னு அறைக்கே கேக்கற மாதிரிச் சொன்னேன்: என் தப்பு, ஒரே நாளைத் திரும்பத் திரும்பக் காட்டற வீடெல்லாம் எடுக்கறேன், உடனே ஆள் போகணும். ஆறு வீடு வந்தது. கதவு தட்டறவர் நகவெட்டியை அப்படியே போட்டுட்டு ஓடினார். மேலதிகாரி வண்டியைக் கொடுத்தார். ஐந்து வீட்டுக்கு அவங்க. 417-க்கு நான்.

தையல் கடை திறந்திருந்துச்சு.

மார்ச் 20, வெள்ளி

நேற்று முடிக்க முடியவில்லை. இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே வெயில் நன்றாக அடிக்கிறது.

மற்ற ஐந்து வீட்டிலும் யாருக்கும் ஒன்றுமில்லை. நான்கு மீட்டர் பழுது. ஒரு பாட்டி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

தையல்காரர் வாயில் ஊசியோடுதான் பேசினார். “யாரு நீங்க? தம்பியா? அவருக்கு ஆள் இருக்காங்களா?” 11-ஆம் தேதி காலை கடை திறக்க வந்தபோது அண்ணன் படிக்கட்டில் கிடந்திருக்கிறான். எழுந்ததும் முதலில் நடந்துவிட்டு வருவான், முகம் கழுவுவதுகூடத் திரும்பி வந்த பிறகுதான். அன்றைக்குத் திரும்பவில்லை. பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டது. இவர்தான் வண்டி பிடித்துச் சேர்த்திருக்கிறார். நாள் தவறாமல் மாலையில் கடையை அடைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாராம். புதன்கிழமை நான் இறக்கிய ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவர் அண்ணன் பக்கத்தில் இருந்திருக்கிறார்.

“யாருக்குச் சொல்லணும்னு கேட்டா, கையை இப்படித் திருப்பிக் காட்டுவார். எனக்கு ஒண்ணும் புரியல.”

நர்ஸ் கொஞ்சம் சலிப்போடு சொன்னார்: “உங்க அண்ணனா? சும்மா சும்மா தண்ணி கேப்பார். குழாய் திறக்கற மாதிரிக் காட்டுவார். குடுத்தா தட்டி விட்டுருவார். ரெண்டு தடவ என் மேலயே கொட்டிட்டார். ரொம்பக் கோவக்காரர்.”

அவன் தண்ணீர் கேட்கவில்லை.

கட்டிலில் மெலிந்து போயிருந்தான். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. இடது கையைத் தூக்கி, இல்லாத ஒரு குழாயை மெதுவாகத் திருப்பி மூடினான். பிறகு ஐந்து விரலைக் காட்டினான். மடக்கினான். மூன்று விரலைக் காட்டினான்.

எட்டு.

என்னிடம் எப்போதும் ஏதாவது ஒரு பேச்சு இருக்கும். இழவு வீட்டில்கூட இருக்கும். நேற்று இல்லை. அவன் விரல்களைப் பிடித்து மடக்கி, மூடிய கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். பிடுங்கிக்கொள்ளப் பார்த்தான். பலம் இல்லை. விட்டுவிட்டான்.

மார்ச் 23, திங்கள்

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். ஒரு நகைச்சுவைகூட இல்லாமல் நான் எழுதிய முதல் கடிதம் என்று மேலதிகாரி சொன்னாராம்.

மார்ச் 26, வியாழன்

அட்டவணையில் புதுப் பத்தி ஒன்று சேர்த்தோம். எண் மீட்டர் தந்ததா, நாம் போட்டதா என்று சொல்கிற பத்தி. பென்சில் மேடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நிரப்புகிற வரியின் கடைசியில் 1 என்று போட்டேன். ஒரு நாள். சோதித்துப் பார்த்ததும் இரண்டு வீடு சிவந்தது. “இப்பத்தான்யா உயிரோட இருக்கு” என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்கவில்லை.

417-இன் அந்த எட்டு நாளையும் பழையபடி காலியாக்கினேன். அழிக்கும்போது ஒரு கணம் கை நின்றது. ஒரு வாரம் முழுக்க அந்த எண்களைப் பார்த்து, அவன் நன்றாக இருக்கிறான் என்று சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த எண்களுக்குள் இருந்தவன் யார்?

ஏப்ரல் 3, வெள்ளி

அண்ணி வந்து பார்த்துவிட்டுப் போனார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனால் முடியாது, அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. மனைவி நம்பவில்லை, பந்தயம் கட்டியிருக்கிறாள்.

ஏப்ரல் 11, சனி

எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். வாசல் நிலையைத் தாண்டும்போது இடது கையால் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டான். முறைப்பதற்கா, விழாமல் இருப்பதற்கா, தெரியவில்லை. காலர் கிழிந்துவிட்டது.

ஏப்ரல் 20, திங்கள்

417-ஐத் தனியர் பட்டியலிலிருந்து எடுத்தேன்.

ஒரு வரியை நீக்குவதற்கு ஒரே சொல்தான் கட்டளை. ஆனால் அதற்கு முன்னால் காரணம் என்ற பத்தியை நிரப்பினால்தான் விடும். மூன்று குறிகள் இருக்கின்றன. ஒன்று, இறந்தார். இரண்டு, ஊர் மாறினார். மூன்று, உடன் ஆள் உண்டு. பட்டியலில் இதுவரை நீக்கிய வீடுகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்று நூற்றுப் பன்னிரண்டு, இரண்டு இருபத்தாறு, மூன்று நான்கே நான்கு.

மூன்று என்று அடித்தேன், ஐந்தாவதாக.

வீட்டுக்கு வந்தபோது அவன் குளியலறையில் இருந்தான். போன வாரம் முதல் யாரையும் உள்ளே விடுவதில்லை, கதவையும் தாளிட்டுக்கொள்கிறான். தண்ணீர் ஓடுகிற சத்தம். எங்கள் வீடு எந்தப் பட்டியலிலும் இல்லை, மீட்டரும் பழைய மாதிரி. எத்தனை லிட்டர் என்று எனக்குத் தெரியாது. கதவுக்கு வெளியே நின்றேன்.

சத்தம் நின்றது. பிறகு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை.

“ஏங்க,” மனைவி பின்னாலிருந்து, “அவர் குளிக்கறதையுமா ஒட்டுக் கேப்பீங்க?”

கையைக் காட்டி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். அவளும் பக்கத்தில் வந்து நின்றாள். உள்ளே வாளி நகர்ந்தது, ஒரு கால் தரையில் இழுபட்டது, தாழ்ப்பாளைத் தேடித் தேடித் தடவுகிற சத்தம் கேட்டது. கதவு திறக்கிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.